'போர்டு' எரிந்து போகவில்லை! பரண் மேல் கிடக்கும் இலவச லேப்டாப்பே போதும். 'சிப்'புக்கு வேலை சொல்லிக் கொடுக்கலாம்

செங்கல்பட்டு-

அரசு கொடுத்த இலவச லேப்டாப் உங்கள் வீட்டுப் பரணில் தூங்குகிறதா? பழைய இரும்புக் கடைக்குப் போட்டு விடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ரிச்சி தெருவில் பையன் ஆசையாக வாங்கி வந்த பச்சை நிற, நீல நிற 'போர்டு' ஒன்று, "எரிஞ்சு போச்சும்மா" என்று மேஜை டிராயரில் கிடக்கிறதா? அதையும் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் அது எரிந்திருக்காது. லேப்டாப்புக்கும் அதற்கும் பேச்சு வார்த்தை நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

2011-ல் வந்த பெட்டி

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு வழங்கப்பட்டது. 'எல்காட்' நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் தமிழ்நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

செங்கல்பட்டு அப்போது காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். அந்த முதல் வருஷம் பிளஸ்-2 படித்து லேப்டாப் வாங்கியவர்களுக்கு இன்று வயது 30-ஐத் தாண்டி விட்டது. மறைமலைநகர், மகிந்திரா சிட்டி, சிறுசேரி என்று வேலைக்குப் போய் விட்டார்கள். பெட்டி மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. பேட்டரி போய்விட்டது. 'சார்ஜர்' செருகினால்தான் உயிர் வரும்.

ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு மோசம் இல்லை. முதல் தொகுதி லேப்டாப்பிலேயே 2 ஜி.பி. நினைவகமும், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. 'விண்டோஸ்' ஒரு பக்கம், 'லினக்ஸ்' ஒரு பக்கம் என்று இரட்டைக் குடித்தனம். பல மாடல்களில் இருந்த 'பாஸ்' லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. தமிழிலேயே மெனு காட்டும். அதைச் சீண்டிப் பார்த்தவர்கள் குறைவு. கடைக்காரரிடம் கொடுத்து, "அண்ணே, இந்த லினக்ஸை எடுத்துட்டு, படம் பார்க்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்று அழித்தவர்கள்தான் அதிகம்.

இந்தக் கதை பழசு இல்லை. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் மறுபடியும் லேப்டாப் வழங்கத் தொடங்கினார்கள். 8 ஜி.பி. நினைவகம் கொண்ட நல்ல பெட்டி. அதுவும் பரணுக்குப் போகுமா, பயன்படுமா என்பது இனிமேல் தெரியும்.

'சிப்' எங்கே இருக்கிறது?

மைக்ரோ கண்ட்ரோலர் என்றால் ஏதோ ராக்கெட் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். காலையில் நீங்கள் ஏறும் ஆட்டோவின் மீட்டரில் அது இருக்கிறது. மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் இருக்கிறது. வாஷிங் மெஷினில் இருக்கிறது. ஒரே ஒரு வேலையை மட்டும் சலிக்காமல் செய்யும் குட்டிக் கம்ப்யூட்டர்தான் அது.

2022-ல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, நினைவு இருக்கிறதா? ஜூலை 28-ல் தொடங்கி ஆகஸ்டு 10-ல் முடிந்தது. அங்கே பலகையில் குதிரையை நகர்த்தினால், உலகத்தின் எந்த மூலையிலும் திரையில் குதிரை நகர்ந்தது. பலகைக்கு அடியில் எலெக்ட்ரானிக் மூளை இருந்ததால்தான் அது நடந்தது.

அந்த மூளைக்கு, 'இப்படிச் செய், அப்படிச் செய்' என்று உத்தரவு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுத ஒரு மென்பொருள் தேவை. அதன் பெயர் 'ஆர்டுயினோ'. போர்டுக்கும் அதே பெயர்.

இது 2005-ம் ஆண்டு இத்தாலி நாட்டில், இவ்ரேயா என்ற ஊரில் பிறந்தது. மாசிமோ பான்சியும் அவருடைய கூட்டாளிகளும், வடிவமைப்புக் கல்லூரி மாணவர்கள் சுலபமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று செய்தார்கள். அந்த ஊரில் அவர்கள் போய் உட்காரும் மதுக்கடையின் பெயரைத்தான் போர்டுக்கு வைத்தார்கள் (கடைக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு பழைய ராஜா, எனவே தப்பு இல்லை!). வரைபடத்தை மூடி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து கொள்ளுங்கள் என்று விட்டு விட்டார்கள். அதனால்தான் சீனாவில் செய்த போர்டு ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மென்பொருளுக்குக் காசே கிடையாது.

பழைய பெட்டி தாங்குமா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. "இதுக்கு புது லேப்டாப் வாங்கணுமாம்ப்பா" என்று பிள்ளை சொன்னால் உடனே கடனுக்கு ஓடாதீர்கள்.

'ஆர்டுயினோ யூனோ' போர்டில் உள்ள சிப்பின் வேலை நினைவகம் வெறும் 2 கே.பி. உத்தரவு எழுதி வைக்கும் இடம் 32 கே.பி. பரணில் கிடக்கும் லேப்டாப்பின் நினைவகம் அந்தச் சிப்பைப் போல 10 லட்சம் மடங்கு. யானையை விட்டு கொசுவுக்குப் பாடம் சொல்கிற கணக்கு!

இதற்கு முன்பே உலகத்தில் உதாரணம் உண்டு. ஏழைக் குழந்தைகளுக்கு '100 டாலர் லேப்டாப்' என்று அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரபாண்டி 2005-ல் அறிவித்தாரே, அந்தப் பச்சை-வெள்ளைப் பெட்டியில் நினைவகம் 256 எம்.பி.தான். அதில்கூட ஆர்வலர்கள் ஆர்டுயினோவை ஏற்றினார்கள். நம் பெட்டியில் இருப்பது அதைப்போல 8 மடங்கு.

ஆனால் ஒன்று. எந்தப் பதிப்பை இறக்குகிறீர்கள் என்பதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2022-ல் வந்த புதிய 2-ம் பதிப்பு, பழைய லேப்டாப்புக்கு ஆகாது. அது 64-பிட் கம்ப்யூட்டர் கேட்கும். விண்டோஸ் என்றால் 10 அல்லது அதற்குப் புதியது கேட்கும். முதல் தடவை திறக்கும்போது இன்டர்நெட்டும் கேட்கும். பழைய பெட்டிக்கு ஏற்றது 1.8.19 என்ற பதிப்பு. ஆர்டுயினோவின் இணையதளத்தில் 'பழைய பதிப்புகள்' பகுதியில் இன்றும் இருக்கிறது. விண்டோஸ்-7 இருந்தால் போதும். 32-பிட் லினக்சுக்கும் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை ஏற்றி விட்டால் இன்டர்நெட் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். எங்கும் 'வை-பை' இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது பெரிய சவுகரியம்.

தேதி 2011 காட்டுகிறதா?

வேலை ஆரம்பிக்கும்போதே முதல் சண்டை வரும். இணையதளத்தைத் திறந்தால், 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பு எழுத்து மிரட்டும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதே பாட்டு.

வைரஸ் என்று பயந்து விடாதீர்கள். திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பழையதாக இருக்கும்! லேப்டாப்பின் உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு காசு வடிவ பேட்டரி உண்டு. அது தீர்ந்து போனால் பெட்டி, பிறந்த நாளுக்கே திரும்பிப் போய் விடும். இன்றைய இணையதளத்தின் சான்றிதழை அந்தப் பழைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'இது செல்லாது' என்று சொல்லும். தேதியைச் சரி செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, பிரவுசர் பழசாக இருப்பதால் வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, 'பென் டிரைவ்'வில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

லேப்டாப் பேட்டரி உப்பிப் போய் இருந்தால் மட்டும் அதை முதலில் கழற்றி விட வேண்டும். அது விளையாட்டு இல்லை, தீப்பிடிக்கும்.

விளக்கு எரியுது, பேச மாட்டேங்குது!

மென்பொருளை ஏற்றியாகி விட்டது. போர்டை ஒயரால் இணைத்தாகி விட்டது. போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் லேப்டாப்போ, 'போர்டா? எந்தப் போர்டு?' என்கிறது. இங்கேதான் நிறைய பேர் கையை உதறி விடுகிறார்கள்.

முதல் குற்றவாளி ஒயர். செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும் மலிவு ஒயர்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும். தகவல் கம்பி இருக்காது. விளக்கு எரியும், பேச்சு வராது. 'யூனோ' போர்டு என்றால் பிரிண்டருக்குப் போடும் ஒயரே சேரும். ஆபீசில் பிரிண்டர் வேலை செய்கிறது என்றால் அந்த ஒயர் நல்ல ஒயர். அதை ஒரு நாள் கடன் வாங்கிப் பரிசோதித்து விடலாம் (மானேஜரிடம் சொல்லி விட்டு எடுங்கள்).

இரண்டாவது, சீனப் போர்டில் உள்ள 'சி.எச்.340' என்ற குட்டிச் சிப். லேப்டாப்புக்கும் போர்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்ப்பது இதுதான். 'நானோ' போர்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இருக்கும். விண்டோசுக்கு இந்த மொழிபெயர்ப்பாளரை அறிமுகம் செய்து வைக்க தனி 'டிரைவர்' போட வேண்டி வரும். லினக்சுக்கு வேண்டாம், ஏற்கனவே பழக்கம்.

லினக்சில் வேறு வம்பு உண்டு. போர்டு கண்ணில் தெரியும். உத்தரவை அனுப்பினால் 'அனுமதி இல்லை' என்று வரும். காரணம், வெளிச் சாதனங்களோடு பேச 'டயலவுட்' என்ற குழுவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் டெலிபோன் லைனில் நம்பர் சுழற்றி இன்டர்நெட் பிடித்தார்களே, அப்போது வைத்த பெயர். கண்டவர்களும் நம்பர் போட்டு பில்லை ஏற்றி விடக் கூடாது என்ற காவல். டெலிபோன் பில் போய்விட்டது. காவல்காரர் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறார்!

'யூசர்மாட்' என்ற ஒரு வரிக் கட்டளையால் பெயரைச் சேர்த்து விடலாம். அதில் 'ஏ' என்ற எழுத்தை விட்டு விடாதீர்கள். சேர்ப்பதற்கு அடையாளம் அந்த 'ஏ'. அது இல்லாவிட்டால் டயலவுட் குழுவில் போட்டு விட்டு, மற்ற கூடுதல் குழுக்களில் இருந்தெல்லாம் உங்களைத் தூக்கி விடும். சொந்த லேப்டாப்பிலேயே அதிகாரம் பறிபோகும். கட்டளை போட்ட பிறகு ஒரு தடவை வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல், 'பண்ணியும் வேலைக்கு ஆகலை' என்று விட்டவர்கள் உண்டு.

இன்னொரு விசித்திரம். சமீப காலத்து லினக்ஸ் சிலவற்றில், சீனப் போர்டை இணைத்ததும் ஒரு நொடி தெரிந்து மறைந்து விடும். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் கருவிக்கான மென்பொருள் ஒன்று, அந்தச் சீனச் சிப்பைப் பார்த்து 'இது நம்ம ஆள்' என்று இழுத்துக் கொண்டு போய் விடுகிறது. அந்த மென்பொருளை நீக்கினால் போர்டு திரும்பி வரும். வீட்டில் பார்வையற்றவர் யாராவது அந்தக் கருவியைப் பயன்படுத்தினால் நீக்கக் கூடாது. வேறு வழி பார்க்க வேண்டும்.

'ஒத்துப் போகவில்லை'

எல்லாம் சரியான பிறகும், 'நானோ' போர்டுக்காரர்களுக்கு ஒரு கண்டம் பாக்கி. உத்தரவை அனுப்பினால் 10 முறை முயன்று விட்டு, 'ஒத்துப் போகவில்லை' என்ற பொருளில் ஆரஞ்சு நிறத்தில் வரிசையாக ஆங்கில வரிகள் ஓடும். போர்டு எரிந்து விட்டது என்று பிள்ளைகள் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

2018-ம் ஆண்டு முதல் அசல் 'நானோ' போர்டில், உத்தரவை வாங்கி உள்ளே வைக்கும் சிறு நிரலை ('பூட்லோடர்') மாற்றி விட்டார்கள். மலிவுப் போர்டுகள் பலவற்றில் இன்னும் பழையதே இருக்கிறது. மென்பொருளில் 'டூல்ஸ்' மெனுவுக்குப் போய், 'பிராசஸர்' என்ற இடத்தில் 'பழைய பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். 'எரிந்து போன' போர்டு பிழைத்துக் கொள்ளும்.

உத்தரவு ஏறும்போது கரண்ட் போய்விட்டால்? லேப்டாப்பில் பேட்டரி கிடையாதே, பட்டென்று அணைந்து விடுமே? பயம் வேண்டாம். பூட்லோடர் தனிப் பூட்டுக்குள் இருக்கிறது. கரண்ட் வந்ததும் மறுபடி ஏற்றினால் போதும்.

கண் சிமிட்டுது!

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். போர்டில் உள்ள சின்ன விளக்கைக் கண் சிமிட்ட வைப்பது. நிரல் மென்பொருளோடேயே வருகிறது. 'பைல்' மெனுவில், உதாரணங்கள் பகுதியில், 'பிளிங்க்' என்று இருக்கும். யூனோ போர்டில் இது பிடிக்கும் இடம் 924 பைட். மொத்த இடத்தில் 100-க்கு 3 பங்குகூட இல்லை.

புதுப் போர்டு பலவற்றில் வாங்கும்போதே விளக்கு சிமிட்டிக் கொண்டிருக்கும். 'ஆகா, வந்து விட்டது' என்று ஏமாற வேண்டாம். நிரலில் 1000 என்று இருக்கும் இடத்தை 200 ஆக்கி ஏற்றுங்கள். 1000 என்றால் ஒரு விநாடி. 200 என்றால் விநாடியில் 5-ல் ஒரு பங்கு. விளக்கு படபடவென்று சிமிட்டினால், அது நீங்கள் சொன்னதைக் கேட்டது என்று அர்த்தம்.

சொற்கள் ஆங்கிலம்தான். ஆனால் இரண்டு சாய்கோடு போட்டு, பக்கத்தில் தமிழிலேயே 'இங்கே விளக்கு அணையும்' என்று குறிப்பு எழுதி வைக்கலாம். மென்பொருள் கோபித்துக் கொள்ளாது.

ரெடிமேட் 'ப்ராஜெக்ட்'

இவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டிலும், பழைய மாமல்லபுரம் ரோட்டிலும் எத்தனை என்ஜினீயரிங் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள்! கடைசி வருஷம் வந்தால் 'ப்ராஜெக்ட்' செய்து காட்ட வேண்டும். அதை ரெடிமேடாக விற்கவே கடைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, செய்து முடித்த பெட்டியை வாங்கி, மேஜை மேல் வைத்து விட்டு வந்து விடுகிறார்கள். வாடகை நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போவது மாதிரிதான். அப்பா கூலி வேலையில் சேர்த்த பணம் அது.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால், பல சமயம் உள்ளே இருப்பது இதே ஆர்டுயினோ போர்டுதான். 'இந்த 1000-ஐ 200 ஆக்கினால் என்ன ஆகும்?' என்று இன்டர்வியூவில் கேட்டால் பதில் வராது. லேப்டாப்பை அரசு கொடுத்தது. மென்பொருள் இலவசம். போர்டு சில நூறு ரூபாய். நடுவில் நின்றது மேலே சொன்ன ஒயரும், டயலவுட்டும், பழைய பூட்லோடரும்தான். அவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததற்கு மாணவர்கள் கொடுக்கும் விலை இது.

தொட்டி வழியுதா?

சிமிட்டல் வந்து விட்டால் அடுத்தது வீட்டு வேலை. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா? ஒலி அலையால் தூரம் அளக்கும் சென்சார் மலிவாகக் கிடைக்கிறது. 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கும். தண்ணீர் மேலே வந்ததும் 'பீப்' என்று கத்த வைக்கலாம். மோட்டாரைத் தானாக நிறுத்த வைக்கவும் முடியும். ஆனால் அது 230 வோல்ட் சமாச்சாரம். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

பழைய லேப்டாப்புக்கு ஒரு எல்லையும் உண்டு. 'வை-பை' வசதி கொண்ட 'ஈ.எஸ்.பி.-32' போன்ற பெரிய போர்டுகளுக்கு நிரல் தயாரிக்கும்போது 2 ஜி.பி. பெட்டி மூச்சு வாங்கும். டீ குடித்து விட்டு வரலாம். யூனோவும் நானோவும் என்றால் சிரமமே இல்லை.

நம் நாட்டுச் சிப்பும் வந்து விட்டது. சி-டாக்கின் திருவனந்தபுரம் பிரிவு 'வேகா' என்ற பிராசஸரை உருவாக்கியிருக்கிறது. அது பொருத்திய 'ஏரீஸ்' போர்டுக்கும் இதே ஆர்டுயினோ மென்பொருளில் உத்தரவு எழுதலாம்.

கற்றுக்கொள்ள இடம் இல்லாமல் இல்லை. 'அடல் டிங்கரிங் லேப்' என்ற கூடம் உள்ள பள்ளிகளில் ஆர்டுயினோ போர்டு பெரும்பாலும் இருக்கும். அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டுப் பாருங்கள். காஞ்சீபுரம் லினக்ஸ் பயனர் குழு என்று ஆர்வலர்கள் கூடிப் பேசுகிறார்கள், கட்டணம் கிடையாது. 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' இணையதளத்தில் ஆர்டுயினோ பாட வரிசையே உண்டு.

கோவளம், சதுரங்கப்பட்டினக்காரர்களுக்கு

கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோவளம் தொடங்கி தேவனேரி, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வரை காற்றிலேயே உப்பு. ஜன்னல் கம்பியைத் தின்கிற அந்தக் காற்று போர்டின் முள்ளுக் கம்பிகளை விட்டு வைக்குமா? பச்சைக் களிம்பு ஏறி விடும். பிறகு தொட்டால் வேலை செய்யும், விட்டால் நின்று விடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் இரண்டைப் போட்டு வையுங்கள்.

செங்கல்பட்டில் இருந்து மின்சார ரெயிலில் ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள், போர்டோடு 'தகவல் போகும் ஒயர்' என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன்பு கடையிலேயே கம்ப்யூட்டரில் செருகி, 'போர்ட்' பட்டியலில் பெயர் வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பல கடைகளில் காட்டுவார்கள்.

பில்லைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.